வாசகர் கேள்வி-பதில்: கண்ணுக்கே தெரியாததை எப்படிங்க எண்றது?

கேள்வி: ஈ.கோலை பாக்டீரியாவை ராத்திரி முழுக்க வளர்த்து ஓவர்நைட் கல்ச்சர் எடுத்தேன், ஓடி (மெஷின் காட்டுற கலங்கல் அளவு) 2.8 வந்துச்சு. ஓடி 1ன்னா மில்லிக்கு 80 கோடி செல்னு படிச்சிருக்கேன், அதுபடி 224 கோடி. அதே கல்ச்சரை பத்து லட்சம் மடங்கு டைல்யூட் பண்ணி 0.1 மில்லி பிளேட்ல ஸ்பிரெட் பண்ணேன், 184 காலனி (வளர்ந்து தெரியிற பாக்டீரியா புள்ளி), அப்போ 18 கோடியே 40 லட்சம் தான் வருது. பன்னெண்டு மடங்கு வித்தியாசம். கைடு திரும்பப் பண்ணுன்னு சொல்லிட்டார். நான் எதை நம்புறது?
எம்.எஸ்சி மாணவி, திருச்சி

பதில்: முதல்ல கணக்கைப் பாத்துடலாம்மா. நீங்க பிளேட்ல ஊத்தினது 0.1 மில்லி, முழு மில்லி இல்ல, அதனால 184ஐ முதல்ல பத்தால பெருக்கிட்டு அப்புறம் தான் பத்து லட்சத்தால பெருக்கணும், 184 கோடி வரும். இந்த ஒரு பத்தை விடாத பேட்ச்சை இத்தனை வருஷத்துல நான் பாத்ததே இல்ல. நோட்ல டைல்யூஷன்னு காலம் போடுறப்பவே பக்கத்துல ஊத்தின அளவுன்னு இன்னொரு காலம் போட்டுக்கோங்க, இனிமே மறக்காது.

சரி, 224ம் 184ம் கிட்ட வந்துடுச்சேன்னு அதோட விட்றாதீங்க, ஏன்னா அந்த 2.8ங்கிற ரீடிங்கே சரியில்ல. ஓடின்னா என்ன, 600 நானோமீட்டர் வெளிச்சம், கல்ச்சர் ஊத்தின குவெட்ங்கிற சின்ன டப்பா வழியா போகுது, ஈ.கோலை அதை உறிஞ்சுறது ரொம்ப கம்மி, பெரும்பாலும் சிதறடிக்க தான் செய்யுது, சிதறி பக்கவாட்டுல போன வெளிச்சம் எதிர்ல இருக்கிற டிடெக்டர்ல விழாது, அந்தக் குறைவைத் தான் மெஷின் நம்பரா காட்டுது. மார்கழி பனியில எதிர்ல வர்ற வண்டியோட ஹெட்லைட் மங்கலா தெரியுமே, அதே கதை. செல் கம்மியா இருக்கிற வரைக்கும் செல் ரெண்டு மடங்கானா ஓடியும் ரெண்டு மடங்காகும். கூட்டம் ஜாஸ்தியாயிட்டா ஒரு செல் சிதறடிச்ச வெளிச்சத்தை இன்னொரு செல் திருப்பி டிடெக்டர் பக்கமே தள்ளிவிட்டுடும், அப்போ மெஷின் உண்மையை விட கம்மியா தான் காட்டும். நிறைய மெஷின்ல 0.4 தாண்டினதுமே இது ஆரம்பிச்சிடும். அதனால கல்ச்சரை அதே மீடியால (பாக்டீரியா வளர்ற சத்துத் தண்ணி) பத்து மடங்கு டைல்யூட் பண்ணுங்க, மெஷினை சைபருக்கு வைக்கிற பிளாங்க்கும் அதே மீடியா தான், தண்ணி வேணாம், வர்ற ரீடிங்கை பத்தால பெருக்குங்க. 2.8 இருந்த இடத்துல 4க்கு மேல வந்தா ஆச்சரியப்படாதீங்க.

அந்த 80 கோடி இருக்கே, அது வேற யாரோ ஒருத்தர் மெஷின்ல எடுத்த நம்பர். குவெட்டுக்கும் டிடெக்டருக்கும் நடுவுல இருக்கிற தூரம் மெஷினுக்கு மெஷின் மாறும், தூரம் மாறினா சிதறின வெளிச்சத்துல எவ்வளவு உள்ள விழுதுங்கிறதும் மாறும், அதனால ஒரே டியூப்பை ரெண்டு லேப்ல வச்சுப் பாத்தா ரெண்டு ஓடி வரும், ரெண்டு மெஷினும் நல்லா தான் இருக்கும். உங்க மெஷின், உங்க ஸ்ட்ரெயின், உங்க மீடியா இது மூணுக்கும் சேத்து நீங்களே ஒரு தடவை உக்காந்து ஓடியையும் பிளேட் கவுன்ட்டையும் பக்கத்துல பக்கத்துல எடுத்து ஒரு கிராஃப் போட்டுக்கணும். ஒரு நாள் வேலை தான், அப்புறம் வருஷம் முழுக்க கை கொடுக்கும்.

எதை நம்புறதுன்னு கேட்டீங்க. ரெண்டையும் நம்பலாம், ஆனா ரெண்டும் ஒரே விஷயத்தை எண்ணலங்கிறது ஞாபகம் இருக்கணும். ஓடிக்கு செத்த செல்லும் செல் தான், உயிரோட இருக்கிறதும் செல் தான், ஏன், குவெட்ல பட்ட கைரேகை கூட செல் தான். பிளேட்ல காலனியா வர்றது அந்த மீடியால, அந்த சூட்டுல, பெருகக் கூடிய தெம்பு இருந்ததுங்க மட்டும் தான், அதுவும் நாலு செல் ஒட்டிக்கிட்டு விழுந்தா ஒரே காலனி, அதனால தான் செல்லுன்னு எழுதாம சி.எஃப்.யூன்னு எழுதுறோம், காலனி உருவாக்குற யூனிட். மைக்ராஸ்கோப்ல கவுன்டிங் சேம்பர் வச்சு எண்ணினா அது உடம்பை எண்றது. சிப்ரோஃப்ளாக்ஸசின் ஆன்டிபயாடிக் கொஞ்சமா போட்ட கல்ச்சரைப் பாருங்க, செல்லு பிரியாம நூல் மாதிரி நீண்டுக்கிட்டே போகும், ஓடி ஏறிக்கிட்டே இருக்கும், பிளேட்ல போட்டா காலனி ஏறாது. ஓடியை மட்டும் பாத்த ஆளு மருந்து வேலை செய்யலன்னு எழுதிடுவாரு. மருந்தே இல்லாட்டியும் சைஸ் மாறும், நல்ல சாப்பாட்டுல வேகமா வளர்ற செல்லு பெருசா இருக்கும்னு கோபன்ஹேகன்ல ஷெக்டர், மாலோ, கெல்கார்ட் மூணு பேரும் 1958லயே காட்டிட்டாங்க, அப்போ வேகமா வளர்றப்போ எடுத்த ஓடி 0.5ம் ஓவர்நைட் கல்ச்சரை டைல்யூட் பண்ணி வர்ற 0.5ம் ஒரே எண்ணிக்கை ஆகாது.

இன்னொண்ணு, 184ங்கிறது நல்ல கவுன்ட். 30ல இருந்து 300க்குள்ள இருக்கணும்னு சொல்றது சும்மா இல்ல, 184 வந்தா அடுத்த பிளேட்ல தற்செயலா பதினாலு கூடக் குறைய வரலாம், அது ஒரு 7 சதவீதம் தான், வெறும் 16 காலனி வந்தா நாலு கூடக் குறைய வந்தாலே 25 சதவீதம் ஆடிடும். 300க்கு மேல போனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், எண்ண முடியாது. ஒவ்வொரு டைல்யூஷனுக்கும் பிப்பெட் டிப்பை மாத்துங்க, வோர்டெக்ஸ்ல வச்சு நல்லா குலுக்காம அடுத்த டியூப்புக்குப் போகாதீங்க, மூணு பிளேட் போடுங்க. உங்க கைடு திரும்பப் பண்ணச் சொன்னது நல்லதுக்கு தான்மா.

கேள்வி: பாக்டீரியா வளர்க்குற எல்.பி. மீடியான்னா லூரியா பெர்டானி தானே சார்? அதுல குரோத் கர்வ் (நேரம் போகப் போக ஓடி எப்படி ஏறுதுங்கிற கோடு) எடுத்தா ஓடி 0.3 பக்கத்துல ஸ்லோப் மாறுது. மீடியாவை தப்பா போட்டுட்டேனா?
ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இல்ல தம்பி, லைசோஜெனி பிராத். 1951ல அந்த மீடியாவை எழுதின ஜுசெப்பே பெர்டானியே பின்னால அதைத் தெளிவா சொல்லிட்டாரு. மீடியாவையும் நீங்க தப்பா போடல. லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5, உப்பு 10, இதுல சர்க்கரை எங்க இருக்கு, பேருக்கு கொஞ்சம் தான், அது தீந்ததும் ஈ.கோலை ஒவ்வொரு அமினோ ஆசிடா தேடித் தின்ன ஆரம்பிக்கும், வேகம் குறையும். சீரான வளர்ச்சி 0.3லயே முடிஞ்சிடுதுன்னு 2007லயே பேப்பர் வந்தாச்சு. அதனால டபுளிங் டைம், அதாவது செல் ரெண்டு மடங்காகுற நேரம், கணக்கு போடணும்னா 0.3க்கு கீழ இருக்கிற புள்ளிகளை மட்டும் எடுங்க, இல்லாட்டி குளுக்கோஸ் போட்ட மினிமல் மீடியாவுக்குப் போங்க.

கர்வ்ல ஒரு மடிப்பு வந்தா உடனே கரன்ட் போச்சா ஷேக்கர் நின்னுச்சான்னு தேடுறோம், தேடணும் தான், ஆனா அது நிஜமாவும் இருக்கலாம். பாரிஸ்ல ஜாக் மோனோ ரெண்டு சர்க்கரை கலந்து வளர்த்தப்போ கர்வ் ஏறி, நடுவுல நின்னு, திரும்ப ஏறுச்சு, முதல்ல குளுக்கோஸ் முழுக்க தின்னுட்டு அப்புறம் தான் இன்னொண்ணைத் தொடுது. 1941ல அவரோட டாக்டரேட் தீசிஸே அது தான், ஜெர்மன் ஆக்கிரமிப்பு நடந்த காலம். அந்த நடுவுல நின்ன இடம் என்னன்னு துருவிக்கிட்டே போனது தான் ஜீன் எப்படி ஆன் ஆகுது ஆஃப் ஆகுதுங்கிற வரைக்கும் போய் 1965ல ஜேக்கப், ல்வோஃப் கூட சேத்து நோபல் வாங்கித் தந்துச்சு. ரீடிங்கை அடிச்சு சரி பண்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க.

கேள்வி: மாமியாருக்கு யூரின் கல்ச்சர் எடுத்தோம். முதல் ரிப்போர்ட்ல கலப்பு வளர்ச்சி, திரும்ப சாம்பிள் தரவும்னு இருந்துச்சு. ரெண்டாவதுல ஈ.கோலை, மில்லிக்கு ஒரு லட்சம் சி.எஃப்.யூக்கு மேலன்னு வந்துச்சு. அவ்வளவு எப்படி எண்ணுனாங்க? ஏன் மூணு நாள் ஆகுது?
குடும்பத்தலைவி, வேலூர்

பதில்: ஒரு லட்சத்தை யாரும் உக்காந்து எண்ணலம்மா. லூப்னு ஒரு சின்ன வளையம், அதுல முக்கி எடுத்தா சரியா ஒரு மைக்ரோலிட்டர் நிக்கும், ஒரு மில்லியில ஆயிரத்துல ஒரு பங்கு. அதை பிளேட்ல தேச்சு ராத்திரி முழுக்க 37 டிகிரியில வச்சு காலையில பாப்பாங்க, 100 காலனி இருந்தா ஆயிரத்தால பெருக்கி ஒரு லட்சம். இந்த ஒரு லட்சம்ங்கிற கோட்டை அமெரிக்காவுல எட்வர்ட் காஸ்னு ஒரு டாக்டர் 1956ல போட்டாரு, சும்மா தோல்ல இருந்து கலந்ததையும் நிஜமான இன்ஃபெக்‌ஷனையும் பிரிச்சுப் பாக்க. அது கண்ணை மூடிக்கிட்டு பிடிக்க வேண்டிய கோடு இல்ல, எரிச்சல், காய்ச்சல் இருக்கிறவங்களுக்கு அதை விட கம்மியா வந்தாலும் டாக்டர் மருந்து கொடுப்பாரு, ஒரு தொந்தரவும் இல்லாத பெரியவங்களுக்கு ஜாஸ்தி வந்தாலும் வேணாம்பாரு, அதனால ரிப்போர்ட்டை வச்சு கடையில நீங்களா மாத்திரை வாங்கிடாதீங்க.

முதல் தடவை கலப்பு வளர்ச்சின்னு வந்ததுக்கு பெரும்பாலும் காரணம் சாம்பிள் எடுத்த விதம் தான். நல்லா கழுவிட்டு, முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிக்கணும், பிடிச்ச உடனே லேப்ல கொடுத்துடணும், முடியலன்னா ஃபிரிட்ஜ்ல வைக்கணும். நம்ம ஊரு வெயில்ல பையில வச்சு மூணு மணி நேரம் சுத்தினா பாக்டீரியா அதுக்குள்ளயே குட்டி போட்டுக்கிட்டே இருக்கும், ஆயிரம் இருந்தது லட்சமா போய் நிக்கும். என் வீட்லயே ஒரு தடவை காலைல கொடுத்த டப்பா லேப் கவுன்டர்லயே சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு, ரிப்போர்ட்ல லட்சத்துக்கு மேலன்னு வந்து, அம்மா அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட அப்புறம் தான் அது எனக்கே உறைச்சுது. இன்னிக்கு வரைக்கும் மனசு ஆறல.

மூணு நாள் எதுக்குன்னா, முதல் ராத்திரி வளர, ரெண்டாவது ராத்திரி எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்க. அதுக்கு எல்லா லேப்லயும் ஒரே அளவு பாக்டீரியா எடுக்கணும், மக்ஃபார்லாண்டுன்னு ஒரு கலங்கல் டியூப் இருக்கு, பேரியம் குளோரைடையும் சல்ஃப்யூரிக் ஆசிடையும் கலந்தா வெள்ளையா கலங்கும், அந்தக் கலங்கல் அளவுக்கு வர்ற வரைக்கும் பாக்டீரியாவைக் கரைப்பாங்க, 0.5 நம்பர் டியூப்புன்னா மில்லிக்கு ஏறக்குறைய 15 கோடி. 1907ல வந்த ஐடியா, இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

கேள்வி: ஒரு பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும்னா ஒரு நாள்ல எத்தனை ஆகும்?
பத்தாம் வகுப்பு மாணவன், திருநெல்வேலி

பதில்: 72 தடவை ரெண்டாகும். ஒரு ஈ.கோலை ஒரு கிராம்ல லட்சம் கோடியில ஒரு பங்கு இருக்கும்னு வச்சுக்கிட்டா மறுநாள் காலைல 4,700 டன். ரெண்டாவது நாள் முடியிறப்போ பூமியை விட ஆயிரக்கணக்கான மடங்கு கனம். நடக்காது, ஏன்னா சாப்பாடும் காத்தும் தீந்துடும், ஃபிளாஸ்க்ல மில்லிக்கு சில நூறு கோடியில நின்னுடும். பரிணாமம் எப்படி நடக்குதுன்னு பாக்க, அமெரிக்காவுல ரிச்சர்ட் லென்ஸ்கிங்கிற ஆராய்ச்சியாளர் 1988 பிப்ரவரி 24ல 12 ஃபிளாஸ்க்ல ஈ.கோலை ஆரம்பிச்சாரு, தினமும் நூத்துல ஒரு பங்கை எடுத்து புது மீடியால விடுவாங்க, சர்க்கரை கொஞ்சமா தான் இருக்கும், அதனால ஒரு நாளைக்கு ஆறே முக்கால் தலைமுறை கூட தாண்டாது. அப்படியே வளர்த்து வளர்த்து 31,000 தலைமுறை தாண்டினப்போ ஒரே ஒரு ஃபிளாஸ்க் மட்டும் காத்து இருக்கிறப்பவே மீடியால இருக்கிற சிட்ரேட்டைத் தின்னக் கத்துக்கிச்சு, சாதாரண ஈ.கோலையால அது முடியாது. இன்னும் நடக்குது தம்பி, 2022ல டெக்ஸாஸுக்கு மாத்தியிருக்காங்க.

கேள்வி: நோன்புக்கு வாங்கின கடல்பாசி மிச்சம் இருக்கு. அதை வச்சு வீட்லயே பிளேட் பண்ணி பொண்ணோட சயின்ஸ் பிராஜெக்ட்டுக்கு பாக்டீரியா வளர்க்கலாமா?
ஒரு தந்தை, கீழக்கரை

பதில்: நீங்க இருக்கிற ஊருக்கு இந்தக் கேள்வி வந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்ங்க. லேப்ல நாங்க ஊத்துற அகரும் உங்க கடல்பாசியும் ஒரே வகை சரக்கு தான், லேப்புக்கு வர்றது இன்னும் சுத்தம் பண்ணினது. உங்க மன்னார் வளைகுடா பக்கம் பெண்கள் தண்ணிக்குள்ள முங்கி மரிக்கொழுந்து பாசி எடுக்கிறாங்களே, அதுல இருந்தும் நம்ம நாட்டு அகர் வருது. இதை லேப்புக்குள்ள கொண்டு வந்ததே ஒரு சமையக்கட்டு தான், 1881 வாக்குல ஜெர்மனியில வால்தர் ஹெஸ்ஸேங்கிறவரு ஜெலட்டின் உருகி உருகிப் போகுதுன்னு தவிச்சப்போ அவர் மனைவி ஃபேனி, நான் ஜெல்லி பண்றதுக்கு போடுற அகரைப் போட்டுப் பாருங்கன்னாங்க, ஜாவாவுல இருந்தவங்க கிட்ட கத்துக்கிட்ட பக்குவம். 37 டிகிரியில ஜெலட்டின் தண்ணியாயிடும், அகர் 85 டிகிரி கிட்ட தான் உருகும், ஆறி 40க்கு கீழ போனா தான் உறையும். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்ச ராபர்ட் காக் 1882ல எழுதின காசநோய் பேப்பர்ல அகரைச் சொன்னாரு, ஃபேனி பேரைச் சொல்லல. அதை நினைச்சா எனக்கு இன்னும் வருத்தமா இருக்கும்.

ஆனா வீட்ல பிளேட் வேணாம்ங்க. செருப்பு, செல்ஃபோன், கழிவறைக் கதவுன்னு தேச்சு எடுத்தா என்ன வளரும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஒண்ணு இருந்த இடத்துல கோடிக்கணக்குல வளர்ந்து நிக்கும், குழந்தை ஆசையா மூடியைத் திறந்து பாக்கும். அதை லேப்ல ஆட்டோகிளேவ்ல 121 டிகிரியில வச்சுக் கொன்னுட்டு தான் குப்பைக்கு அனுப்புறோம், நீங்க சோறு வடிக்கிற குக்கர்ல அதைப் பண்ணக் கூடாது.

அதுக்குப் பதிலா இட்லி மாவு இருக்கே. நேரான சுவர் உள்ள கண்ணாடி பாட்டில் நாலு எடுத்து, அன்னிக்கு அரைச்ச மாவை ஒரே அளவு ஊத்தி, வெளிய ஸ்கேல் ஒட்டி, அரை மணிக்கு ஒரு தடவை மாவு எவ்வளவு உயரம் வந்திருக்குன்னு எழுதச் சொல்லுங்க. ரெண்டுல நேத்தைய புளிச்ச மாவு ஒரு ஸ்பூன் கலந்து, ரெண்டுல கலக்காம. உளுந்தோட வர்ற லியூகனோஸ்டாக் மாதிரி பாக்டீரியா விடுற காத்துல தான் மாவு பொங்குது, முதல்ல ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்காது, அப்புறம் சர்ருன்னு ஏறும், அப்புறம் நிக்கும். பழைய மாவு போட்டதுல அந்த சும்மா இருக்கிற நேரம் குறையும். பாலுக்கு பெரை ஊத்துறோமே, லேப்ல அதைத் தான் இனாகுலம்னு சொல்றோம். கலந்தது ஒண்ணு கலக்காதது ஒண்ணுன்னு ஒரு ஜோடியை சமையக்கட்டுலயும் ஒரு ஜோடியை ஃபிரிட்ஜ்லயும் வச்சா சூட்டோட வேலையும் தெரிஞ்சிடும். பொண்ணு கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, ஸ்கேல்ல தெரியிறது காத்தோட அளவு, பாக்டீரியாவோட எண்ணிக்கை இல்ல, சார்ட்ல அதை அப்படியே எழுதணும். பாட்டில்ல பாதிக்கு மேல மாவு ஊத்தாதீங்க, பொங்கி மேஜையெல்லாம் ஆயிடும்.