நியூயார்க் காபியும் மாமாவின் பாத்திரக்கடையும்

அன்புள்ள ஐயா,

நானும் கல்லூரித் தோழன் ஒருவனும் சேர்ந்து திருப்பரங்குன்றத்தில் இணையதள வடிவமைப்புத் தொழில் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. போர்ட்ஃபோலியோவில் ஆறு மாதிரித் தளங்கள் வைத்திருக்கிறோம், இணைப்பு அனுப்பியிருக்கிறேன். பார்க்கப் போகும் கடைக்காரர்கள் எல்லாரும் "இதற்கு முன் யாருக்குச் செய்து கொடுத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். அந்த முதல் ஆள் கிடைத்தால்தானே பதில் சொல்ல முடியும்? முதல் சிலருக்கு இலவசமாகவே செய்து கொடுத்துவிடலாமா? ஜி.எஸ்.டி. பதிவு இப்போதே தேவையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆறையும் பார்த்தேன். நியூயார்க் காபிக்கடை, யோகா நிலையம், விண்வெளிச் சுற்றுலா நிறுவனம். வேலைச் சுத்தத்தில் குறையில்லை. ஆனால் ஆறிலும் ஒரு தமிழ் எழுத்து கிடையாது, கூப்பிட்டால் அடிக்கிற தொலைபேசி எண் ஒன்றுகூடக் கிடையாது. வெண்கலக்கடைத் தெருவில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அதை வைத்து என்ன முடிவுக்கு வருவார்? "யாருக்குச் செய்தீர்கள்" என்று அவர் கேட்பது உங்கள் திறமையைச் சந்தேகித்து அல்ல. அந்த ஆளைக் கூப்பிட்டு, "பையன்கள் சொன்ன தேதிக்கு முடித்தார்களா, பிறகு போன் செய்தால் எடுக்கிறார்களா" என்று விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் போர்ட்ஃபோலியோ என்று சொல்வதை அவர் ஜாமீன் என்று எடுத்துக்கொள்கிறார்.

என் முதல் வேலை 2005இல் மாமாவின் பாத்திரக்கடைக்கு. அப்போது இணையதளங்களில் அசையும் படங்கள் காட்டும் ஃபிளாஷ் மென்பொருளின் காலம். குத்துவிளக்கு ஒன்று சுழன்று வந்து, தானாகச் சுடரேற்றி, அதன் பிறகே கடைப் பெயர் தெரியும்படி மூன்று வாரம் கண் விழித்துச் செய்தேன். மாமா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி மாப்பிள்ளை, கடை போன் நம்பர் எங்கே?" என்றார். அடுத்த ஒரு வாரம் கடையிலேயே உட்கார்ந்தேன். சீர்ப் பாத்திரம் வாங்க வெளியூரிலிருந்து கூப்பிட்டவர்கள் கேட்டது மூன்றே கேள்விகள்: பித்தளை கிலோ என்ன விலை, பழைய பாத்திரத்தை எடுத்துக்கொள்வீர்களா, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா. அந்த மூன்றுக்கும் பதில் எழுதி, மேலே எண்ணைப் பெரிதாகப் போட்டு ஒரே பக்கமாக மாற்றினேன். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான். ஃபிளாஷே 2020 கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆகவே விண்வெளியை மூட்டை கட்டிவிட்டு, தெரிந்தவர்களில் உண்மையான இரண்டு பேரைப் பிடியுங்கள். சமையல் ஒப்பந்தக்காரர், சுங்குடிச் சேலை விற்பவர், திருமண மண்டபம், வெளியூர்க்காரர்கள் தங்குகிற விடுதி: யாருடைய வாடிக்கையாளர் வேறு ஊரில் இருக்கிறாரோ அவருக்குத்தான் இணையதளம் உடனே பயன்படும். தெருமுனை இட்லிக் கடைக்கு வேண்டியது தளம் அல்ல, கூகுள் மேப்பில் சரியான இடமும் திறக்கிற நேரமும். அதற்குக் கட்டணமே இல்லை. நீங்களே பதிந்து கொடுத்துவிடுங்கள். நாளைக்கு அந்தக் கடைக்காரர் உங்களைப் பற்றி நாலு பேரிடம் சொல்வார்.

போர்ட்ஃபோலியோவில் படத்தை மட்டும் ஒட்டாதீர்கள். வந்தபோது அவருக்கு என்ன சங்கடம், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதையும் அங்கே காட்டலாம். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் "தொடர்பு கொள்ளுங்கள்" என்று போட்டால் இரண்டாக உடைந்து தொங்கும். வரி இடைவெளி போதாவிட்டால் 'கீ'யின் மேல்சுழி வெட்டுப்படும். கடைக்காரர் கொடுக்கும் பழைய நோட்டீஸ் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கும். இணையத்துக்குரிய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். வெளியூர்ப் பெரிய நிறுவனங்கள் இதிலெல்லாம் அடிக்கடி சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் பிடிப்பது பற்றி. காலையில் போணி ஆவதற்கு முன் எந்தக் கடைக்கும் போகாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணிக்குப் போனால் பேசுவதற்கு ஆள் கிடைப்பார். ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபக்காரர்கள் ஓய்வாக இருப்பார்கள். ஜவுளிக்கடைக்காரர்களோ தள்ளுபடி அமளியில் உங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். இன்னொரு வழி ஆடிட்டர்களும் அச்சகங்களும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் முதலில் ஏறும் படிகள் அந்த இரண்டும்தான். அச்சகக்காரரிடம் உங்கள் கார்டைக் கொடுத்து, அவர் அனுப்பும் வேலைக்கு இத்தனை சதவீதம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இலவசம் வேண்டாம். கூலி கொடுக்காதவர் புகைப்படம் தருவதற்கு ஆறு மாதம் இழுப்பார். உங்கள் தளம் பாதியில் நிற்கும். குறைத்து வாங்குங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள், எத்தனை திருத்தம் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் மாமாவிடம் கூலியாக ஒரு பித்தளை அண்டா வாங்கிக்கொண்டேன். அதில் அம்மா இப்போதும் தண்ணீர் பிடித்து வைக்கிறார், ஆனால் அந்த மாத வாடகைக்கு நான் கடன்தான் வாங்கினேன்.

டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயரை, வாடிக்கையாளர் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலுமே பதிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த விடுதிக்காரர் ஒருவரின் டொமைன், வடிவமைத்தவர் பெயரில் இருந்தது. அவர் வெளிநாடு போனார், புதுப்பிக்க யாரும் இல்லை, காலாவதியான பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பெயர்ப்பலகை, ரசீது, பை எல்லாவற்றிலும் பழைய முகவரி. அதன் பிறகு இணையதளம் என்று யார் வந்தாலும் அந்த விடுதிக்காரர் வாசலோடு அனுப்பிவிடுகிறார். நீங்கள் போனாலும் அப்படித்தான்.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதை இந்த வாரமே செய்துவிடுங்கள். முதல் உண்மையான தளம் முடிந்ததும் இணைப்பு அனுப்புங்கள். என் மனைவியின் பழைய போனில் திறந்து பார்த்து, எங்கே திணறுகிறது என்று எழுதுகிறேன்.