ஃபாதர் காலேஜ சுத்திப் பாக்கப் போறீங்களா? – வாசகர் கேள்வி பதில்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் வந்துச்சு, இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஃபாதருங்க நடத்துற காலேஜு, யுனிவர்சிட்டி பத்தித்தான். டூர் கூட்டிட்டு போய் காட்றாங்களாமே, போலாமா, போனா எதைப் பாக்கோணும்னு. தனித்தனியா எழுதினா வருஷம் பூரா இதேதான் ஓடும், அதனால சேத்து ஒரே இதழ்ல போட்டுடறேன்.

கேள்வி: பையன் சிகாகோவுல இருக்கான். பேரன் அடுத்த வருஷம் காலேஜ் சேரோணும். நோட்டர் டேம்னு ஒரு கத்தோலிக்க யுனிவர்சிட்டி இருக்குது, டூர் போறப்ப நீங்களும் வாங்கன்னு கூப்புடறான். தங்கத்துல கோபுரம் இருக்குதாம், நெசத் தங்கமா? நாங்க போய் என்ன பண்றது? – ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: நெசத் தங்கந்தானுங்க, ஆனா கட்டியா வார்த்ததில்ல, தங்க ரேக்கு ஒட்டினது. மெயின் பில்டிங் உச்சில கும்மட்டம், அதுக்கு மேல மாதா சிலை. பனியும் மழையும் பட்டு மங்கிப் போறதால பத்து இருபது வருஷத்துக்கு ஒருக்கா ரேக்க புதுசா ஒட்டுவாங்க. நீங்க அதை மட்டும் போட்டோ எடுத்துட்டு வந்துடாதீங்க, அந்தக் கட்டடத்துக்குப் பின்னாடி ஒரு கதை இருக்குது. 1842ல எட்வர்ட் சோரின்னு ஒரு பிரெஞ்சு ஃபாதர், வயசு 28தான், திருச்சிலுவை சபைக்காரரு, இண்டியானா காட்டுக்குள்ள ரெண்டு ஏரிக்குப் பக்கத்துல ஆரம்பிச்சது அந்த ஸ்கூலு. 1879 ஏப்ரல்ல மெயின் பில்டிங்கு மொத்தமா எரிஞ்சு போச்சு. சோரினுக்கு அப்ப 65 வயசு, வேற ஆளா இருந்தா கைய விட்டிருப்பாங்க, இவரு அதே வருஷம் செப்டம்பர்ல புது பில்டிங்ல க்ளாஸ் நடக்க வெச்சுட்டாரு. அங்க பழைய கட்டடமெல்லாம் மஞ்சளா ஒரு செங்கல்லா இருக்கும் பாருங்க, அந்த ஏரி மண்ணுல அறுத்து சுட்ட கல்லு அது.

டூர் கூட்டிட்டு போறது அங்க படிக்கற பசங்கதான். பாதி நேரம் நம்ம மூஞ்சியப் பாத்துட்டு பின்னாலயே நடந்து போவாங்க, எங்கயாவது உழுந்துடுவாங்களோன்னு நமக்குத்தான் பதறும். மெயின் பில்டிங் முன்படி ஏற மாட்டாங்க, டிகிரி வாங்கற வரைக்கும் ஏறக்கூடாதுன்னு ஒரு வழக்கம். உங்க பேரன் ஏறாம இருந்தா சேர்றதுக்கு ஆசை வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. உள்ள கொலம்பஸ் படம் பெருசு பெருசா செவுத்துல வரைஞ்சிருக்கு, அந்த மண்ணோட பூர்வகுடி மக்கள அது கேவலமாக் காட்டுதுன்னு ரொம்ப நாளா சண்டை, 2019ல துணி போட்டு மூடறதா முடிவு பண்ணிட்டாங்க. அழிக்காம மூடினது எனக்கு சரின்னுதான் படுது.

அடுத்தால பசிலிக்காங்கற பெரிய சர்ச்சு, அதோட கண்ணாடி ஜன்னலு பிரான்சுல லெ மான்ல செஞ்சு கப்பல்ல வந்தது. அதுக்குப் பின்னாடி எறங்கினா கெபி, நம்ம கருமத்தம்பட்டி பக்கம் சர்ச்சுகள்ல பாத்திருப்பீங்க, அதேதான், லூர்து மாதா குகை மாதிரியே 1896ல கட்டினது. பரீட்சை சமயத்துல பசங்க கூட்டம் கூட்டமா வந்து மெழுகுவத்தி ஏத்துவாங்க, எந்த ஊரா இருந்தா என்ன. உங்களுக்கு கால் வலிச்சா அங்கயே உக்காந்துக்கோங்க, மத்தவங்க சுத்திட்டு வரட்டும்.

ஆனா லைப்ரரிய மட்டும் உட்டுடாதீங்க. 1963ல தொறந்தது, ஒசரமான டவரு, முன்னாடி செவுத்துல 134 அடி ஒசரத்துக்கு ஏசுநாதர் கைய ரெண்டும் தூக்கிட்டு நிக்கற படம், பெயிண்ட் இல்லீங்க, பூரா கல்லு, பல நாட்டுக் கல்லுங்க. அவங்க ஊர் ஃபுட்பால்ல டச்டவுன்னு சொல்ற பாயிண்ட் எடுத்தா ரெஃப்ரி அதே மாதிரிதான் ரெண்டு கையையும் தூக்குவாரு, படமும் ஸ்டேடியத்தப் பாத்தாப்பலயே நிக்குது, அதனால பசங்க அதுக்கு டச்டவுன் ஜீசஸ்னு பேரு வெச்சுட்டாங்க, ஃபாதருங்களும் சிரிச்சுட்டு உட்டுட்டாங்க. லைப்ரரிக்குப் பேரு ஹெஸ்பர்க். அந்த ஃபாதர் 1952ல இருந்து 1987 வரைக்கும் 35 வருஷம் யுனிவர்சிட்டிக்குத் தலைவரா இருந்தாரு, மார்ட்டின் லூதர் கிங்கோட கை கோத்து நின்ன மனுசன், பொம்பளப் புள்ளைங்கள யுஜி டிகிரிக்கு சேத்ததும் அவரு காலத்துலதான், 1972ல.

ஹாஸ்டல பத்தி உங்க மருமக கட்டாயம் கேப்பாங்க. பசங்களுக்கு தனி, புள்ளைங்களுக்கு தனி, ஒவ்வொரு ஹாஸ்டலுக்குள்ளயும் ஒரு சின்ன சேப்பல் இருக்குது. அமெரிக்காவுல இது கொஞ்சம் அபூர்வம், நம்மாளுங்களுக்கு நிம்மதி. சிகாகோல இருந்து யுனிவர்சிட்டிக்குப் பக்கத்து ஊரான சவுத் பெண்டுக்கு ரயிலே இருக்குது, ஒரு 150 கிலோமீட்டர்தான். ஃபுட்பால் மேட்ச் இருக்கற சனிக்கெழமை போயிடாதீங்க, ஸ்டேடியத்துக்கே எழுபதாயிரம் பேருக்கு மேல வருவாங்க, ரூம் வாடகை எகிறிடும். டிசம்பர் ஜனவரியும் வேண்டாம், மிச்சிகன் ஏரிக்காத்துல பனி கொட்டும், காங்கேயத்து வெயில்ல பொறந்த ஒடம்புக்கு ஆவாது. டூருக்கு காசு வாங்க மாட்டாங்க. படிப்புக்கு எச்சாவே வாங்குவாங்க.

கேள்வி: பொண்ணுக்கு பெங்களூரு கிறைஸ்ட்ல சீட் கெடைக்கும்போல. போய் கேம்பஸ் பாக்கலாம்னு இருக்கோம். நாங்க முருக பக்தருங்க, அங்க சர்ச்சுக்குப் போகச் சொல்லி கட்டாயப்படுத்துவாங்களான்னு எங்க மாமியார் தெனமும் கேக்கறாங்க. – ஒரு வாசகி, அன்னூர்

பதில்: உங்க மாமியார்கிட்ட சொல்லுங்க அம்மணி, அரசியல் சட்டம் 28வது பிரிவுலயே இருக்குது, அரசு அங்கீகாரம் வாங்கின எந்த இடத்துலயும் ஒருத்தரோட சம்மதம் இல்லாம மதப் பாடமோ வழிபாடோ கட்டாயமாக்க முடியாது. மைனரா இருந்தா பெத்தவங்க சம்மதம் வேணும். கிறைஸ்ட நடத்தறது சிஎம்ஐங்கற கத்தோலிக்க துறவற சபை, கேரளாவுல சாவரா குரியாகோஸ் ஃபாதரு ஆரம்பிச்ச சபை, அவர 2014ல புனிதரா அறிவிச்சாங்க. காலேஜா 1969ல ஆரம்பிச்சு 2008ல டீம்டு யுனிவர்சிட்டி ஆச்சு. சாமியப் பத்தி பயப்படறத விட அட்டென்டன்ஸப் பத்தி பயப்படுங்க, 85 பர்சன்ட் வேணும், ட்ரெஸ் கோடும் கறாரு.

இன்னொண்ணு, இதுலதான் நெறைய பேரு ஏமாந்துடறாங்க. ஓசூர் ரோட்டு கேம்பஸ் மரமும் பூவுமா அத்தன அழகா இருக்கும், பாத்துட்டு சந்தோசமா வந்துடுவாங்க, ஆனா புள்ளைக்கு சீட்டு இன்ஜினியரிங்ல, அது மைசூர் ரோட்டுல கெங்கேரி பக்கம் இருக்கற வேற கேம்பஸு. பன்னேர்கட்டா ரோடு, யஷ்வந்த்பூர்னு இன்னும் இருக்குது. அட்மிஷன் பேப்பர்ல எந்த கேம்பஸ்னு போட்டிருக்கோ அங்க போங்க, ஹாஸ்டலும் அதுக்குத்தான் பாக்கோணும்.

கேள்வி: நம்ம காருண்யாவும் கத்தோலிக்க யுனிவர்சிட்டிதானே? – பல்லடம் வாசகர்

பதில்: இல்லீங்க. அது பிரசங்கியார் டி.ஜி.எஸ். தினகரன் குடும்பம் 1986ல ஆரம்பிச்சது, கிறிஸ்தவ நிறுவனந்தான், ஆனா கத்தோலிக்கம் இல்ல. கோயமுத்தூர்ல கத்தோலிக்க சிஸ்டருங்க நடத்தறத பாக்கோணும்னா நிர்மலா காலேஜ் இருக்குது, 1948ல இருந்து. பொண்ணுங்களுக்கு மட்டும்.

கேள்வி: பையன் பாட்டனி எடுக்கோணுங்கறான். திருச்சி ஜோசப்ஸ் யுனிவர்சிட்டிய சுத்திப் பாக்கறது வீண் அலைச்சலா? – தாராபுரம் வாசகி

பதில்: மொதல்ல, அது யுனிவர்சிட்டி இல்ல, பாரதிதாசன் யுனிவர்சிட்டில சேந்த தன்னாட்சி காலேஜு. 1844ல நாகப்பட்டணத்துல சேசு சபைக்காரங்க ஆரம்பிச்சு 1883ல திருச்சிக்கு வந்துச்சு, அப்துல் கலாம் ஃபிசிக்ஸ் படிச்சது அங்கதான்னு எல்லாரும் சொல்லுவாங்க, டூர்லயும் மொதல்ல அதைத்தான் சொல்லுவாங்க. பாட்டனி படிக்கற பையனுக்கு அதை விட பெரிய சங்கதி ராப்பினாட் ஹெர்பேரியம், காஞ்ச செடிகள சேத்து வெக்கற எடம். 1967ல மேத்யூ ஃபாதர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. அவரும் அவரு ஆளுங்களும் கொல்லிமலை, பச்சமலை, சேர்வராயன்னு ஏறி எறங்கி ஒவ்வொரு செடியா பறிச்சு, காய வெச்சு, தாள்ல ஒட்டி, எங்க எப்ப எடுத்ததுன்னு எழுதி வெச்சிருக்காங்க, வரிசை வரிசையா. உங்க தோட்டத்து வேலியில இருக்கற முள்ளுச்செடிக்குக் கூட அங்க ஒரு தாள் இருக்கலாம். ஆனா சும்மா போய் நின்னா காட்ட மாட்டாங்க, அது வேலை நடக்கற எடம். முன்னாடியே டிபார்ட்மென்ட்டுக்கு மெயில் போட்டு பர்மிஷன் வாங்கிட்டு போங்க, மெயில பையனே எழுதட்டும். வீண் அலைச்சல்லாம் இல்ல.

கேள்வி: டூர்ல காட்டாத சங்கதிய எப்படித் தெரிஞ்சுக்கறது? – பெருந்துறை வாசகர்

பதில்: ஆடிட்டோரியம், ஸ்விம்மிங் பூல், ஏசி க்ளாஸ், இதெல்லாம் அவங்களே காட்டுவாங்க, தலையாட்டிட்டு வாங்க. டூர் முடிஞ்சதும் கெளம்பாம கேன்டீன்ல ஒரு டீய வாங்கிட்டு உக்காருங்க, பக்கத்துல ரெண்டாம் வருஷம் படிக்கற புள்ளைங்க யாராவது இருப்பாங்க. லேப்ல மெசினு நீங்க தொடுவீங்களா இல்ல பூட்டி வெச்சிருக்காங்களா, லைப்ரரி ராத்திரி எத்தன மணி வரைக்கும், ஹாஸ்டல்ல சித்திரை மாசம் தண்ணி வருதா, காய்ச்சல் வந்தா யாரு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போவாங்க, இத்தனையும் கேளுங்க. ஃபாதர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா போதும், பீஸ் கட்ட முடியாத பசங்களுக்கு என்ன பண்றீங்கன்னு. நல்ல எடமா இருந்தா அவரு மழுப்பாம பதில் சொல்லுவாரு.

கேள்வி: எங்க ஊர் பங்கு ஃபாதர் நல்ல பழக்கம். லெட்டர் வாங்கிட்டு போனா சீட் கெடைக்குமா? – ஒரு வாசகர், பெயர் வேண்டாம்

பதில்: பங்குல குடுக்கற லெட்டரு கத்தோலிக்கர்னு காட்டறதுக்கு, அவங்களுக்குன்னு ஒதுக்கின சீட்டுக்கு. நீங்க கத்தோலிக்கர் இல்லைனா மார்க் ஷீட்ட எடுத்துட்டு போங்க.