நெபுலாவின் சிவப்பு நிறம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

தம்மிடமுள்ள 10×50 பைனாகுலரில் ஓரியன் நெபுலா என்னும் விண்வெளி வாயுத்திரள் வெறும் சாம்பல் நிறத் திட்டாகவே தெரிகிறது என்றும், படங்களில் காணும் சிவப்பைத் தரம் 8 இல் கற்கும் மகளுக்குக் காட்டப் பெரிய தொலைநோக்கி வாங்கலாமா என்றும் வட்டக்கச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நிறத்துக்காக வாங்க வேண்டாம். உங்கள் பைனாகுலரில் குறையேதும் இல்லை. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்த வாயுத்திரளுக்குள் அண்மையில் பிறந்த (விண்மீன்களுக்குப் பத்து இலட்சம் ஆண்டுகளும் அண்மைதான்) வெப்பமிகு விண்மீன்களின் புறஊதாக் கதிர்கள், ஐதரசன் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்தெறிகின்றன. அவை மீண்டும் அணுவோடு சேரும்போது 656 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி வெளிப்படுகிறது. ஆனால் இருளில் நமக்குப் பார்வை தரும் கோல் கலங்கள் 500 நனோமீற்றரை அண்டிய நீலப்பச்சை ஒளிக்கே கூர்மையானவை. சிவப்பை அவை உணர்வதில்லை என்றே சொல்லலாம். நிறமறியும் கூம்புக் கலங்களுக்கோ அவ்வளவு மங்கிய ஒளி போதாது.

பலர் நம்ப மறுக்கும் உண்மை ஒன்றுண்டு: பரந்து கிடக்கும் பொருளின் பரப்புப் பிரகாசத்தை, வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிட எந்தத் தொலைநோக்கியாலும் கூட்டிக்காட்ட முடியாது. கூடுதலாகத் திரட்டும் ஒளியை அது பெருப்பித்த உருவத்தின் மேல் பரப்பிவிடுகிறது. ஆகவே பெரிய கருவியில் முகிலின் மடிப்புகளும் நடுவிலுள்ள நான்கு இளம் விண்மீன்களும் தெளியும். ஒட்சிசனின் பச்சைச் சாயல்கூடச் சிலருக்குத் தென்படும். சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம். நிறம்தான் வேண்டுமென்றால், முக்காலியில் பொருத்திய கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையுடன், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200 இல், 5 செக்கன் அளவில் சில படங்கள் எடுங்கள், இளஞ்சிவப்பு தெரியும்.

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த ஜனவரிக் கடைசியிலும் பெப்ரவரியிலும், நிலவற்ற இரவில் 9 மணியளவில், ஓரியன் விண்மீன் கூட்டம் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். அரைமணி நேரம் கைத்தொலைபேசியைப் பார்க்காமல் இருளில் இருந்துவிட்டு, நெபுலாவுக்குச் சற்று அருகே பார்வையை நிறுத்தினால் அதன் விரிந்த ஓரங்களும் புலப்படும்.

அதைவிடப் பெரியதும் பிரகாசமானதுமான கரீனா நெபுலாவையே நான் மகளுக்குக் காட்டச் சொல்வேன். இலண்டனில் ஒருபோதும் உதிக்காத அது, ஏப்ரல் நடுப்பகுதியில் இரவு 9 மணிக்கு, வன்னியின் தென்வானில் சுமார் 20 பாகை உயரத்தில், தென்சிலுவை விண்மீன் கூட்டத்துக்கு வலப்புறமாக நிற்கும். இரணைமடுக் குளக்கட்டில் தெற்கு நோக்கி நின்றால் எதிரே நீர்ப்பரப்பே இருப்பதால் மரங்கள் மறைக்கா. யானை நடமாட்டத்தை ஊரவரிடம் விசாரித்துவிட்டு, துணையோடு மட்டும் போங்கள்.