600021: 50லேயே நின்றுவிட்டீர்கள்

வண்ணாரப்பேட்டை பின்கோடு 600021ஐ 27ஆல் வகுத்து, வந்த 22223ஐ 50 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டுப் பகா எண் என்று எழுதினீர்களாம், டியூஷன் மிஸ் அந்த விடையைத் தவறென்று அடித்துவிட்டாராம். மிஸ் சொன்னதுதான் சரிங்க. ஓர் எண் பகா எண் இல்லையென்றால், அதன் வர்க்கமூலத்துக்குள்ளேயே அதை வகுக்கும் பகா எண் ஒன்று இருக்கும். 149இன் வர்க்கம் 22201, 150க்கு 22500, ஆக 149 வரையுள்ள பகா எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். 53, 59, 61, 67 எதுவும் போகாது, 71இல் மாட்டிக்கொள்ளும்: 71 × 313. (நானும் அதே பேட்டைதான், எம்.சி. ரோடு துணிக்கடை பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.) 313 பகா எண்தான், 17 வரை பார்த்தால் போதும். அப்புறம், 600021 = 3³ × 71 × 313 என்பதால், ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகள் 4 × 2 × 2 = 16. தன்னை விட்டுவிட்டு மற்ற பதினைந்தையும் கூட்டினால் 304299தான், எண்ணில் ஏறக்குறைய பாதி, அதனால் இது நிறைவெண் (கூட்டுத்தொகை எண்ணுக்கே சமம்) இல்லை, குறைவெண் (கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைவு).