அது கட்டியில்லை, சாப்பாடு: குரங்குகள் பற்றி வந்த கேள்விகள்

குரங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் என்னிடம் வந்து சேர்ந்து போயிருந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். ஒன்றையே நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாக்கிவிட்டேன். கூரை, மாடி, கடைவாசல் என்று மனிதர்களை ஒட்டி வாழும் குரங்குகளில் நிறைய மக்காக் இனத்தவை, அதனால் தனியாகச் சொல்லாத இடங்களில் அவற்றை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

ஒரு குரங்குக்குத் தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவு வீக்கம். நேற்று இரண்டு பக்கமும் இருந்தது, இன்று ஒரு பக்கம்தான். புற்றுநோயா?

இரண்டு பக்கம் ஒரு பக்கமாகக் குறைந்ததிலேயே பதில் இருக்கிறது. அது கன்னப்பை. கிடைத்ததை மெல்லாமல் அதில் அடைத்துக்கொண்டு ஓடிவிடும், அப்புறம் பத்திரமான கிளையில் உட்கார்ந்து புறங்கையால் தாடையை அழுத்தி அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குத் தள்ளி மெல்லும். சற்று நேரம் நின்று பார்த்தால் அந்த அழுத்தல் உங்கள் கண்ணுக்கே தெரியும். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு 'கழுத்துக் கட்டி'க்காகக் கூண்டு வைத்துப் பிடித்து, மயக்கம் கொடுத்து, கத்தி கத்திரியெல்லாம் அடுக்கி வைத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே ஊறிப்போன பிஸ்கட். உதவியாளர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து குரங்கு மயங்கியதும் என் முதல் வேலை கன்னப்பைக்குள் விரலை விட்டு வழித்து எடுப்பதுதான், மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் ஆபத்து.

நாலைந்து நாளாக அளவே மாறாமல், குரங்கும் சாப்பிடாமல், வாயோரம் ஒழுகிக்கொண்டிருந்தால் அது வேறு, பல்லில் சீழ் பிடித்திருக்கலாம். அப்போது சொல்லி அனுப்புங்கள்.

பின்பக்கம் முழுக்கச் சிவந்து வீங்கியிருக்கிறது. யாரோ வெந்நீர் ஊற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறோம்.

பெண் குரங்குதானே? காயமில்லை, பருவம். சில இனங்களில் லேசாகச் சிவக்கும், சிலவற்றில் பார்க்கவே பயப்படும் அளவு வீங்கும், சுழற்சியோடு வந்து போகும். விட்டுவிடுங்கள்.

சண்டையில் முகம் கிழிந்து தொங்குகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. வாழைப்பழத்தில் ஆன்டிபயாடிக் மாத்திரை வைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். முதல் காரணம், அந்தப் பழம் அடிபட்ட குரங்குக்குப் போய்ச் சேராது. கூட்டத்தில் யார் பெரியவரோ அவர் பிடுங்கித் தின்பார், அடிபட்டது ஏற்கெனவே சண்டையில் தோற்றது, வரிசையில் கடைசியில் நிற்கும். இரண்டாவது, அதற்கே கிடைத்தாலும் ஒரு நாள் தின்னும், மறுநாள் கசப்பைக் கண்டு துப்பும், அரைகுறையாகப் போகும் ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்வதற்குப் பதில் பழக்கிவிடும். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: உங்கள் கையிலிருந்து பழம் வரும் என்று அந்தக் கூட்டம் முழுக்கக் கற்றுக்கொண்டுவிடும், அடுத்த வாரம் உங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கும்.

குரங்குத் தோல் ஆறும் வேகம் எனக்கு இத்தனை வருடம் கழித்தும் ஆச்சரியம்தான். உதடு இரண்டாகப் பிளந்து பல் வெளியே தெரிந்த ஆண் குரங்கைத் தையல் ஒன்றும் போடாமல் விட்டு, ஒரு மாதம் கழித்துத் தழும்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்திருக்கிறேன். கூட இருக்கும் குரங்குகள் பேன் பார்ப்பது போல உட்கார்ந்து காயத்தின் ஓரத்தில் இருக்கும் பொருக்கையும் அழுக்கையும் விரலால் நோண்டி எடுக்கும், அது நாம் போடும் கட்டைவிட மோசம் ஒன்றுமில்லை. கட்டுப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பிரித்துத் தலையில் கட்டிக்கொள்ளும்.

அதனால் நான் காயத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, நடத்தையைப் பார்க்கிறேன். கூட்டம் நகரும்போது கூடவே போகிறதா, சாப்பிடுகிறதா, மற்றவை பக்கத்தில் சேர்க்கின்றனவா? இதற்கெல்லாம் ஆம் என்றால் காயம் எவ்வளவு கோரமாக இருந்தாலும் காத்திருப்பேன். தலையைத் தொங்கப்போட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறது, புழு வைத்துவிட்டது, எலும்பு வெளியே தெரிகிறது என்றால் பிடித்தாக வேண்டும். பிடித்தாலும் சீக்கிரம் பார்த்துச் சீக்கிரம் விட வேண்டும், பிடித்த அதே இடத்தில். வாரக்கணக்கில் நம்மிடம் வைத்திருந்து உடம்பைத் தேற்றி அனுப்பினால், அதன் இடத்தை அதற்குள் வேறு ஒன்று பிடித்திருக்கும், திரும்பி வந்ததை அடித்துத் துரத்துவார்கள்.

பிடிக்க வேண்டும் என்கிறீர்கள், ஆனால் மயக்க ஊசி போட்ட துப்பாக்கியை எடுக்கவே மாட்டேன் என்கிறீர்களே?

ஐந்தாறு கிலோ எடையுள்ள விலங்கு அது. வேகம் கொஞ்சம் கூடினாலும் ஊசி தொடை எலும்பை உடைத்துவிடும், தசை மெலிந்த வயிற்றில் பட்டால் உள்ளே போய்விடும். சரியாகவே பட்டாலும் குரங்குக்குக் கை இருக்கிறது, பிடுங்கி எறிந்துவிட்டு மேலே ஏறும். மருந்து பிடிக்கச் சில நிமிடம் ஆகும், அந்தச் சில நிமிடத்தில் அது எட்ட முடியாத உயரத்துக்குப் போய் அங்கிருந்து விழும். பொறிக்கூண்டுதான் மெதுவான வழி, நல்ல வழியும் அதுதான். கெட்டமைன் என்ற மயக்க மருந்து கொடுத்தால் கண்ணை மூடாது, மயக்கத்திலும் கண் திறந்தபடியே கிடக்கும். கண்ணில் களிம்பு போட்டுத் துணியால் மூடாமல் வெயிலில் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

மின்கம்பியில் அடிபட்டு விழுந்தது. உள்ளங்கையில் சின்னக் கருகல்தான், எழுந்து நடக்கிறது. விட்டுவிடலாமா?

இங்கே மட்டும் காத்திருக்காதீர்கள். காயத்தை விட்டுவிடலாம் என்று மேலே அவ்வளவு சொன்னேன், மின்சாரத்துக்கு அது பொருந்தாது. கையில் நுழைந்து காலிலோ வாலிலோ வெளியேறுகிற மின்சாரம், வழியில் இருக்கும் தசையையும் ரத்தக்குழாயையும் உள்ளே இருந்து வேகவைத்துவிட்டுப் போகும். முதல் நாள் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். அப்புறம் நாள் போகப் போக விரல் குளிர்ந்து, கறுத்து, காய்ந்த குச்சி போல ஆகும், எங்கே வரை செத்திருக்கிறது என்பது பல நாள் கழித்துத்தான் கோடு போட்டது போலத் தெரியும். சிதைந்த தசை சிறுநீரகத்தையும் அடைக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது நல்ல சேதி இல்லை.

மின்சாரத்தை நிறுத்தினார்கள் என்று உறுதியாகத் தெரியும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. தாய் விழுந்திருந்தால் மார்பில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கை போன குரங்கு நன்றாகவே பிழைக்கும், ஏறும், தாவும், குட்டியும் வளர்க்கும். இரண்டு கையும் போனதை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று கெஞ்சுகிறவர்களிடம் நான் வாக்குவாதம் செய்வதில்லை. ஆனால் என் முடிவு வேறு.

தாய் செத்துவிட்டது. குட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு குளிர்ந்த குட்டிக்கு வயிறு வேலை செய்யாது. மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டு ஊட்டாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். சுருட்டிய துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளக் கொடுத்து, நிமிர்ந்து பிடித்திருக்கிற நிலையில், துளித்துளியாக. கைக்குழந்தைகளுக்கான பால்பவுடர் ஒத்துக்கொள்ளும்.

ஆனால் இதெல்லாம் இன்றைக்கும் நாளைக்கும்தான். சீக்கிரம் வனத்துறையிடமோ மீட்பு மையத்திடமோ ஒப்படைத்துவிடுங்கள், சில நேரம் அதே கூட்டத்தில் இன்னொரு பெண் குரங்கு தூக்கிக்கொள்ளும், அந்த வாய்ப்பு நாளாக ஆகக் கரையும். வீட்டில் வளர்ந்த குட்டி மூன்று நான்கு வயதில் கோரைப்பல்லோடு நிற்கும்போது, அதன் கணக்கில் நீங்கள்தான் அதன் கூட்டம், கூட்டத்தில் மேலே போக அது யாரைக் கடிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்படிக் கடிபட்டவர்கள் எல்லாருமே "இது வரை ஒன்றும் செய்ததில்லை சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

செத்த குட்டியை ஒரு தாய் நான்கு நாளாகச் சுமக்கிறது. பிடுங்கி எடுத்துப் புதைக்கலாமா?

வேண்டாம். வாரக்கணக்கில் சுமந்ததும் உண்டு. அதுவே கீழே வைக்கும்.

கடித்துவிட்டது, லேசான கீறல்தான். பி வைரஸ் என்று எதையோ படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை.

தூக்கத்தை விடுங்கள், சோப்பை எடுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. பிறகு மருத்துவமனை. வெறிநோய்த் தடுப்பூசி, தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து, டெட்டனஸ், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக், இவற்றை அங்கே முடிவு செய்வார்கள். குரங்குக்கு வெறிநோய் அபூர்வம்தான், ஆனால் வராது என்று சொல்ல முடியாது, வந்துவிட்டால் மருந்தும் கிடையாது. காயத்தை உடனே தைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

பி வைரஸ் மக்காக் குரங்குகளுக்கு, நமக்கு உதட்டில் வரும் கொப்புள வைரஸ் போல, பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் உடம்பிலேயே கிடக்கும். மனிதருக்கு வந்து சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றில் 70 பேர் அளவில் இறந்துவிடுகிறார்கள், பயம் அதனால்தான். ஆனால் 1932-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதிலிருந்து உலகம் முழுக்கப் பதிவானவர்கள் சுமார் 50 பேர், அவர்களில் பெரும்பாலானோர் ஆய்வுக்கூடங்களில் குரங்குகளைக் கையாண்டவர்கள். காட்டுக் குரங்கிடமிருந்து வந்ததும் உண்டு, 2024-ல் ஹாங்காங்கில் ஒருவருக்கு வந்தது. கடித்தது எந்த இனம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், வைரஸுக்கு எதிரான மாத்திரை தரலாமா என்று அவர் பார்ப்பார்.

எங்களிடமிருந்து அவற்றுக்கு ஏதாவது தொற்றுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு வணக்கம், இதுவரை ஒருவர்தான் கேட்டிருக்கிறார். தொற்றும். காசநோய், தட்டம்மை இரண்டும் நம்மிடமிருந்து போகும். தென்னமெரிக்கச் சின்னக் குரங்கான மார்மோசெட்டுக்கு நம் உதட்டுக் கொப்புள வைரஸே எமன். கடித்து மிச்சம் வைத்ததை எறிகிறீர்களே, அதில் உங்கள் எச்சில் இருக்கிறது.

குரங்குக்குக் காசநோய்ச் சோதனை ஊசி எங்கே போடுவோம் தெரியுமா? மேல் இமையின் ஓரத்தில். இரண்டு மூன்று நாள் கழித்து இமை வீங்கித் தொங்குகிறதா என்று கூண்டுக்கு வெளியே நின்றே பார்த்துவிடலாம், மறுபடி பிடிக்க வேண்டியதில்லை.

ஆண் குரங்குகளுக்கு மட்டும் கருத்தடை செய்தால் சீக்கிரம் முடியுமே?

அறுவை சுலபம், கணக்கு உதைக்கும். ஒரு பெண் குரங்கு பல ஆண்களோடு சேரும், பத்தில் ஒன்பது ஆண்களுக்குச் செய்துவிட்டுப் பத்தாவதை விட்டால் எல்லாக் குட்டியும் அதனுடையதாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு வெளியிலிருந்து புதிய ஆண்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பெண்களுக்குத்தான் செய்ய வேண்டும், கருக்குழாயை மட்டும் அடைத்து, சினைப்பையைத் தொடாமல். ஹார்மோன் அப்படியே இருந்தால் கூட்டத்தில் அதன் நடத்தையும் பெரிதாக மாறாது. ஹாங்காங்கில் 2007 முதல் தொடர்ந்து செய்கிறார்கள், அதற்கு முன்பே 1999-ல் உணவு கொடுப்பதைத் தடை செய்துவிட்டார்கள், இந்த இரண்டாவதை எல்லாரும் மறந்துவிடுகிறோம். மக்காக் குரங்கு இருபது வருடத்துக்கு மேல் வாழும், அதனால் அடுத்த வருடமே கூரை காலியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒரே வாரத்தில் மூன்று குரங்கு செத்துக் கிடந்தன. பஞ்சாயத்தாக இழுத்துப் போட்டு எரித்துவிட்டோம், சரிதானே?

கையால் தொட்டு இழுத்திருந்தால் சரியில்லை. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் வரிசையாகச் செத்தபோதுதான் இன்று குரங்குக் காய்ச்சல் என்று சொல்லும் நோயே தெரிய வந்தது. பரப்புவது உண்ணி. குரங்கு செத்ததும் உடம்பு குளிரும், உண்ணிகள் இறங்கி அடுத்த உடம்பைத் தேடிச் சுற்றுவட்டாரத்தில் காத்திருக்கும், இழுத்துப் போட வந்தவரின் கால் அங்கேதான் இருக்கும். தென்னமெரிக்காவில் ஊளையிடும் குரங்குகள் செத்து விழுந்தால் மஞ்சள் காய்ச்சல் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிறார்கள். அங்கே சில ஊர்களில் குரங்குதான் பரப்புகிறது என்று நினைத்து அடித்துக் கொன்றார்கள், பரப்பியது கொசு.

செத்ததைத் தொடாமல், ஆட்களையும் நாய்களையும் தள்ளி வைத்து, வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் சேர்த்தே சொல்லுங்கள். எரித்துவிட்டீர்கள், இனி மாதிரி எடுக்க முடியாது. எரிக்கப் போனவர்கள் எத்தனை பேர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் தலைவலியும் வந்தால் மருத்துவரிடம் செத்த குரங்கைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.