அந்த மங்கல் வேண்டுமென்றே செய்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

திரைப்படக் கல்லூரியில் படிக்கிறேன். குயர் (தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்டோரின்) பெண்ணிய சினிமாவின் முன்னோடி பார்பரா ஹாமர் பற்றிய கண்காட்சிக்கு வகுப்போடு போயிருந்தோம். பெண்கள் இருவரின் காதலைக் காட்டும் அவருடைய 'டைக்டாக்டிக்ஸ்' படம் ஓடும்போது சிலர் சிரித்தார்கள், சிலர் பாதியிலேயே அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கதை என்று ஒன்றும் இல்லை, பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மங்கலாக இருந்தன. இப்படியொரு படத்தை முதலில் எடுத்தவர் என்பதற்காக மட்டும்தான் கொண்டாடுகிறோமா? சினிமாவாக இதில் என்ன இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

'முதல்' என்ற ஒரே காரணத்துக்காக ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னால் நானும் போகமாட்டேன். ஹாமரைப் பார்க்க வேறு காரணம் இருக்கிறது. நீங்கள் குறையாகச் சொன்ன அந்த மங்கல்தான் அது.

இரண்டு பெண்கள் தழுவிக்கொள்ளும் காட்சியை அதுவரை பெரும்பாலும் ஆண்கள்தான் எடுத்தார்கள், ஆண்கள் பார்ப்பதற்காக. அங்கே எல்லாம் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். 1974இல் ஹாமர் எடுத்த இந்த நான்கு நிமிடப் படத்தில், பார்ப்பவர் கண்ணை ஓட்டி அளப்பதற்கு ஓர் உடல் முழுதாகக் கிடைப்பதே இல்லை. புல்லில் நடக்கும் பாதத்தின்மேல் தோலைத் தடவும் விரல் படிகிறது, அது அடங்குவதற்குள் இன்னொரு பிம்பம். தொடுதலை எப்படிக் காட்டுவது என்பது அவருடைய வாழ்நாள் கேள்வி. படத்தின் பின்பாதியில் காமிராவுக்கு முன்னால் இருப்பவர்களில் அவரும் ஒருவர். தூரத்தில் நின்று பிறரை வேடிக்கை பார்த்தவர் அல்ல.

அவரும் உங்களைப் போல சினிமா மாணவியாக இருந்தவர்தான். வகுப்பில் ஆண்களின் படங்களாகவே ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் மாயா டெரன் 1943இல் எடுத்த படத்தைப் போட்டார்கள். பெண் எடுத்தால் சினிமா வேறாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கண்காட்சிச் சுவர் இந்தப் படங்களுக்கு ஏற்ற இடம் இல்லை என்பது என் எண்ணம். நடுவில் நுழைந்து நடுவில் போகிறோம். முக்கியமாக 'நைட்ரேட் கிஸ்ஸஸ்' (1992) படத்தை அப்படிப் பார்க்கவே கூடாது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், கறுப்பு வெள்ளை. தன் கடிதங்கள் அச்சேறக் கூடாது என்று உயில் எழுதிவைத்த நாவலாசிரியர் வில்லா கேதரிடம் தொடங்கி, தன்பாலீர்ப்பாளர்களின் வரலாறு எப்படியெல்லாம் அழிந்தது என்று தேடிப்போகிறது. அதில் வயதான பெண்கள் இருவர் காதல் செய்யும் காட்சி வரும். சுருக்கம் விழுந்த தோலுக்கு அவ்வளவு அருகில், அவ்வளவு மரியாதையோடு காமிரா போய் நின்று நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதுமைக்கும் ஆசை உண்டு என்று யாரும் வசனம் பேசுவதில்லை. அந்த அண்மையே போதும்.

அப்புறம், கதை வேண்டும் என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை. ஷெரில் டன்யே எடுத்த 'தி வாட்டர்மெலன் உமன்' (1996) பாருங்கள். பழைய ஹாலிவுட் படமொன்றில் பணிப்பெண்ணாக நடித்த ஒரு கறுப்பின நடிகையைத் தேடுகிறாள் நாயகி. அந்த நடிகை கற்பனைப் பாத்திரம். அப்படிப்பட்ட ஒருத்தியின் வரலாறு ஆவணக்காப்பகங்களில் இல்லாததால் டன்யே தானே ஒன்றைப் படைத்துக்கொண்டார், பழைய புகைப்படங்கள் உட்பட. அதில் கதை உண்டு, காதல் உண்டு, வாய்விட்டுச் சிரிக்கவும் நிறைய இடம் உண்டு.

அன்புடன்