எந்த ஸ்கூல் என்பதற்கு முன்னால் எந்த ஊர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பையனுக்கு மூன்றரை வயது. போன மாதம் சி.எம்.சி.யில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஜனவரியில் வீட்டுக்காரருக்கு நியூஜெர்சியில் வேலை. அங்கே எந்த ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்ப்பது, எவ்வளவு பணம் கட்ட வேண்டியிருக்கும், இல்லை நீங்களும் பையனும் இரண்டு வருடம் வேலூரிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரிப்போர்ட்டை அங்கே யாரிடமும் காட்ட வேண்டாம் என்று மாமியார் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் குடியாத்தத்துக்காரி. 2012-ல் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு நியூஜெர்சி போனேன். அவனுக்கு இப்போது 16. கோடை லீவுக்கு வந்திருக்கிறோம். அம்மா வீட்டில், கரண்ட் போன மத்தியானத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மாமியார் சொன்னதை முதலில் பேசிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் தெருவுக்குள் வந்தால் ஊரே வாசலில் நிற்கும். என் மகன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்வான். கண் பட்டுவிட்டது, சுத்திப் போடு என்றார்கள். பேச்சு வரவில்லை என்றால், அவங்கப்பாவும் நாலு வயசுலதான் வாய் திறந்தான் என்றார்கள். அவர்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு நாங்கள் ரிப்போர்ட்டை சூட்கேஸின் அடியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினோம். அங்கே போய் ஒரு சாதாரணத் தனியார் மழலையர் பள்ளியில், பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று மட்டும் சொல்லிச் சேர்த்தோம். தினமும் பதினோரு மணிக்குப் போன் வரும், அழுகையை நிறுத்த முடியவில்லை, வந்து கூட்டிப்போங்கள் என்று. இப்படியே எட்டு மாதம். அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவர்களிடம் நாங்களே கொண்டுபோய் விட்டுவந்தோம். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அரசுப் பள்ளியில் சேர்க்க விசா நிலையைக் கேட்கக் கூடாது. 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பள்ளியில் கிடைக்கும் சிறப்புக் கல்வியை அரசு உதவி வாங்கியதாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆட்டிசம் அங்கே ஒளித்துவைக்க வேண்டிய விஷயமாகவும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2025-ல் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்த டீச்சர் இருப்பார்.

சரி, எந்த ஸ்கூல்? இங்கே நாம் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபாரம் வாங்கி, ஃபீஸ் கட்டுகிறோம். அங்கே உங்கள் வீட்டு விலாசம்தான் பள்ளிக்கூடத்தைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் ஒவ்வொரு ஊருக்கும், அங்குள்ள அரசுப் பள்ளிகளை நடத்த, ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். சிறப்புக் கல்விக்கான மத்தியச் சட்டம் 1975-ல் வந்தது. ஆட்டிசத்தைத் தனிப் பிரிவாக 1990-ல் சேர்த்தார்கள். மூன்று வயதிலிருந்து 21 வயது வரை தகுதியுள்ள பிள்ளைக்கு அந்த டிஸ்ட்ரிக்ட் இலவசமாகக் கல்வி கொடுத்தாக வேண்டும். ஸ்பீச் தெரபி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பஸ் என்று பிள்ளைக்குத் தேவைப்படுவது எதுவானாலும் அதற்குள்ளேயே வரும். ஸ்பெஷல் ஸ்கூல் என்று தனியாக இருப்பவற்றுக்கும், டிஸ்ட்ரிக்டே தன்னால் முடியாது என்று முடிவுசெய்து அனுப்பினால் அதுவேதான் பணம் கட்டுகிறது. நாமாகப் போய் ஃபாரம் வாங்குகிற இடமில்லை.

அதனால் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசுங்கள். ஆபீசுக்குப் பக்கம், இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் இட்லி அரிசி கிடைக்கும், நண்பர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்து ஒரு வருட வாடகை ஒப்பந்தமான லீஸில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். முதல் ஒரு மாதம் தற்காலிகமாக எங்காவது தங்கிக்கொண்டு, மூன்று நான்கு டிஸ்ட்ரிக்டுகளுக்குப் போன் போட்டு, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வகுப்பு உங்களிடம் உண்டா, முழு நாளா அரை நாளா, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கும். அந்த ஊரில் பிள்ளை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் பத்து நிமிடம் பேசினால் இணையதளத்தில் இல்லாததெல்லாம் தெரியும். ஆட்டிசம் நியூஜெர்சி என்ற அமைப்பு 1965-லிருந்து இருக்கிறது, ஸ்பேன் என்ற பெற்றோர் அமைப்பும் இருக்கிறது. இரண்டுமே பெற்றோர் கேட்டால் வழி சொல்லும்.

லீஸ் கையெழுத்தான அன்றைக்கே, பையனை மதிப்பீடு செய்யுங்கள் என்று டிஸ்ட்ரிக்டின் சிறப்புக் கல்வி அதிகாரிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். தேதி போட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கிடைத்த 20 நாளுக்குள் உங்களைக் கூப்பிட்டு உட்கார வேண்டும். மதிப்பீட்டுக்கு நீங்கள் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் எல்லாம் முடிந்து வகுப்பு தொடங்க வேண்டும். இது நியூஜெர்சி விதி. வாயால் சொன்னால் இந்த நாள் கணக்கு ஓடாது. செப்டம்பர் வரை காத்திருங்கள் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், வருடத்தின் நடுவிலும் சேரலாம்.

சி.எம்.சி. ரிப்போர்ட் இருந்தாலும் அவர்கள் தனியாகப் பரிசோதிப்பார்கள். என் மகனுக்குப் பனிமனிதன், கையுறை, கண் செதுக்கிய பூசணிக்காய் என்று படங்களைக் காட்டி, இது என்ன, அது எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். குடியாத்தத்து வெயிலில் பிறந்த பிள்ளை இதையெல்லாம் எங்கே பார்த்தான்? எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டார்கள். பிள்ளையின் மொழியில் பரிசோதிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது என்று ஒரு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டாவது முறை மொழிபெயர்ப்பாளராகத் தமிழ்ப் பெண் ஒருவர் வந்தார். அவர் குனிந்து, “கண்ணு, தண்ணி எங்க?” என்றார். என் மகன் திரும்பி, மேசை ஓரத்தில் இருந்த சிவப்பு பாட்டிலைப் பார்த்தான். ஒரு பார்வைதான். பரிசோதித்தவர் பேனாவை எடுத்து எழுதினார். மொழிபெயர்ப்பாளரை நீங்கள் முதல் முறையே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஐ.இ.பி. கூட்டம். பிள்ளைக்கு இந்த வருடம் என்னென்ன சொல்லித்தரப் போகிறார்கள், வாரத்துக்கு எத்தனை முறை, எந்த வகுப்பில் என்று எழுதுகிற பத்திரம் அது. முதல் பத்திரத்துக்கு உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் தொடங்காது. அதனால் அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். என் மகன் முள்கரண்டியால் சாப்பிடப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் தயிர்சாதத்தைக் கையால்தான் சாப்பிடுகிறோம், கை கழுவி, சிந்தாமல் சாப்பிடுவது என்று மாற்றுங்கள் என்றேன். சிரித்த முகத்தோடு மாற்றிக் கொடுத்தார்கள். கேட்கலாம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

கையெழுத்துக்கு முன்னால் அந்த வகுப்பை நேரில் பார்க்கக் கேளுங்கள். நான் பார்த்த முதல் வகுப்பு கண்ணைப் பறித்தது. சுவரெல்லாம் வண்ணம், புதுச் சாமான்கள். ஆனால் இருபது நிமிடத்தில் ஒரு பிள்ளையும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எல்லாம் அவர்கள் கேட்பதற்கு முன்பே கைக்கு வந்தது, வாய்க்கு வந்தது. இரண்டாவது வகுப்பில் கார்பெட் பழசு, ஜன்னல் ஓரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. ஒரு பையன் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். டீச்சர் அவனை இழுக்கவில்லை. இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். விளக்கைப் பாதி அணைக்கச் சொன்னார். வெல்க்ரோ ஒட்டிய இரண்டு படங்களைத் தரையில் மெதுவாக நகர்த்தினார், ஒன்றில் ஊஞ்சல், ஒன்றில் கதவு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் கை வெளியே வந்து கதவைத் தொட்டது. “வெளியே போகணுமா, சரி வா” என்று கூட்டிப்போனார். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

என் அளவுகோல் இது ஒன்றுதான் தங்கச்சி. அந்த அறையில் பிள்ளை தனக்கு வேண்டியதையும் வேண்டாததையும் சொல்ல வழி வைத்திருக்கிறார்களா, சொன்னால் அதற்கு மதிப்பு இருக்கிறதா? பேச்சாக இருக்கலாம், கை சைகையாக இருக்கலாம், படமாக இருக்கலாம், டேப்லெட் கம்ப்யூட்டராக இருக்கலாம். படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கும் பெக்ஸ் முறை 1985-லிருந்து இருக்கிறது. படம் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று இங்கே பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. என் மகனின் முதல் தண்ணிப் படம், மூலை மடங்கி, லேமினேஷன் பிரிந்து இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதைக் கொடுக்கப் பழகிய பிறகுதான், ஐந்து வயதில், ‘த்தா’ என்றான்.

ஏ.பி.ஏ. என்ற நடத்தைப் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வேறு வாசல். பள்ளி கல்விச் சட்டத்தில் வருகிறது, ஏ.பி.ஏ. சென்டர் மருத்துவக் காப்பீட்டில் வருகிறது. காலையில் பள்ளி, சாயந்திரம் அது என்று இரண்டும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. நியூஜெர்சியில் 2009-லேயே காப்பீடு இதற்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் கம்பெனி தானே செலவைப் பொறுப்பேற்கும் திட்டமாக இருந்தால் அந்த மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. வேலையில் சேருவதற்கு முன்பே ஹெச்.ஆரிடம் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவைக்க வேண்டும்.

ஏ.பி.ஏ. நல்லதா கெட்டதா என்றால், செய்கிற ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாங்கள் போன முதல் சென்டரில் கண்ணைப் பார், கண்ணைப் பார் என்று ஒரு சிப்ஸ் துண்டைக் காட்டி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்குத் திரை. உள்ளே வரக் கூடாது என்றார்கள். மகன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். ஏழாவது வாரம் நிறுத்திவிட்டோம். பிறகு வீட்டுக்கு வந்த ஒரு பெண், விளையாட்டோடு விளையாட்டாக, பல் தேய்க்கவும் சட்டை போடவும் கற்றுக்கொடுத்தார். அதுவும் ஏ.பி.ஏ.தான். வாரத்துக்கு 40 மணி நேரம் வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். அது 1987-ல் வந்த ஒரு ஆய்விலிருந்து கிளம்பிய எண். 2001-ல் அமெரிக்க நிபுணர் குழு, வாரம் குறைந்தது 25 மணி நேரம் பிள்ளை ஈடுபாட்டோடு கற்க வேண்டும் என்றது, அதில் பள்ளி நேரமும் அடங்கும். நீங்கள் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா, பிள்ளை வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும் முகத்தையும் பாருங்கள்.

வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தமிழை நிறுத்திவிட்டால் அவனுக்கு ஆயா போய்விடுவார், தாத்தா போய்விடுவார்.

இரண்டு வருடம் வேலூரில் இருப்பதா? அப்பாவைப் பிரிந்து இருக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம், மூன்றிலிருந்து ஐந்து வயது அவ்வளவு முக்கியமான காலம். ஆனால் ஜனவரி வரை இருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையத்தில், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று பெற்றோருக்கே பயிற்சி தருகிறார்கள். இடம் கிடைத்தால் வீட்டுக்காரரையும் லீவு போடவைத்துச் சேர்ந்துவிடுங்கள். அங்கே கற்றது உங்கள் கையோடு விமானம் ஏறும். தடுப்பூசி அட்டை, ரிப்போர்ட்டின் அசல், பையன் சந்தோஷமாக இருக்கும்போதும் அடம்பிடிக்கும்போதும் எடுத்த இரண்டு மூன்று வீடியோ, இவை கைப்பையில் இருக்கட்டும்.

சாயந்திரம் காட்பாடி ஸ்டேஷனில் ரயில் பார்க்காவிட்டால் அவன் தூங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியாத்தத்திலிருந்து ரயிலில் காட்பாடி வருகிறோம். முதல் பிளாட்ஃபாரத்தில் நடைமேம்பாலத்துக்குக் கீழே நிற்கிறேன், அங்கே கூட்டம் குறைவு. என் மகனும் வருவான். வணக்கம் சொல்ல மாட்டான், காதில் ஹெட்ஃபோன் இருக்கும், தப்பாக நினைக்காதீர்கள். டேப்லெட்டில் ரயில் படத்தைத் தொட்டு உங்கள் பையனிடம் நீட்டுவான் என்று நினைக்கிறேன். ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள், அங்கேயே உட்கார்ந்து படித்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா